வேறு வேலை பார்த்தால் எழுத்து வருமா?

"எழுத வரவில்லையா? மல்லுக்கட்டாதீர்கள். எழுந்துபோய் வேறு வேலையைப் பாருங்கள், தானாக வரும்." மலேசியாவின் கெடா மாநிலத்தில் எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்த யோசனை எப்படியும் வந்துவிடும். சுங்கைப்பட்டாணியில் நூல் வெளியீடு முடிந்து மீகூனும் தேநீருமாக நிற்கும்போது மூத்தவர் ஒருவர் இளையவரின் தோளில் கைவைத்து, "கொஞ்ச நாளைக்கு விட்டுடுங்க தம்பி. ஜெராய் மலை ஏறுங்க, மெர்போக் ஆத்துல தூண்டில் போடுங்க, வீட்டுக்குப் பின்னால நாலு வெண்டைச் செடி வைங்க" என்பார். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அந்த நேரத்தில் மனம் லேசாகிவிடும். யாரையும் புண்படுத்தாத, காசு கேட்காத யோசனை. அதனாலேயே அதை யாரும் உரசிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

உரசிப் பார்த்தே ஆகவேண்டிய காரணம் இருக்கிறது. மலேசியத் தமிழ் எழுத்தில் நல்ல முதல் கதையோடும் இரண்டாவது கதையோடும் நின்றுபோனவர்கள் ஏராளம். ஞாயிறு மலர்களில் தோட்டப்புற முகவரியோடு வந்த பெயர்கள் பல, சில ஆண்டுகளில் காணாமல் போயிருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் 'கொஞ்ச நாள் விட்டு எழுதலாம்' என்று பேனாவை வைத்தவர்கள்? எண்ணிக்கை யாரிடமும் கிடையாது. ஆனால் ஒரு யோசனை, ஒருவரை எழுத்துக்குத் திருப்பிக் கொண்டுவரவும் கூடும், கதவுவரை கொண்டுபோய் வழியனுப்பி வைக்கவும் கூடும் என்றால், அதை நல்லெண்ணத்தை மட்டும் நம்பிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் ஆதரவான சாட்சியங்கள். அவை வலுவானவை என்பதை மறைக்க மாட்டேன்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்றி புவாங்கரே தன் கண்டுபிடிப்பு ஒன்று பிறந்த விதத்தை 1908-ல் பாரிசில் ஆற்றிய உரையில் விவரித்தார். ஒரு வகைச் சார்புகள் இருக்கவே முடியாது என்று நிறுவப் பதினைந்து நாள் மேசை முன் உட்கார்ந்து போராடியிருக்கிறார். பின்பு தான் வசித்த ஊரைவிட்டு நிலவியல் சுற்றுலா ஒன்றுக்குப் புறப்பட்டார். பயண அலைச்சலில் கணிதம் மறந்தே போயிற்று. கூத்தான்ஸ் என்ற ஊரில் வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில், அந்தச் சார்புகளைப் பற்றி எதிர்பாராத ஒரு தொடர்பு முழுதாக மனதில் வந்து நின்றது. இந்த அனுபவத்தையும் இதுபோன்ற பிறவற்றையும் வைத்து 1926-ல் கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் படைப்பு மனத்தின் நான்கு கட்டங்களை வகுத்தார்: ஆயத்தம், அடைகாத்தல், வெளிச்சம், சரிபார்ப்பு. 'வேறு வேலையைப் பார்' என்ற யோசனை இந்த இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்ததுதான்.

வாலசின் 'அடைகாத்தலை' உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சோதித்து வருகிறார்கள். 2009-ல் சியோ, ஓர்மெரோட் என்ற இருவர் அதுவரை வந்த 117 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். இடைவெளி விடுவது பயன் தருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. சொல் சார்ந்த புதிர்களில், சும்மா இருப்பதைக் காட்டிலும் மூளையை அதிகம் வாங்காத சின்ன வேலை ஒன்றைச் செய்வது கூடுதல் பலன் தந்தது. கெடா மூத்தவரின் வெண்டைச் செடிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா? 2014-ல் ஸ்டான்போர்டில் ஒப்பெசோவும் ஷுவார்ட்சும் நடையைச் சோதித்தார்கள். வெறும் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்குக்கூட, உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகமான புதிய எண்ணங்கள் வந்தன.

இத்தோடு நிறுத்தினால் தீர்ப்பு எளிது. ஆனால் இதே சாட்சியங்களை இன்னொருமுறை படிக்க வேண்டும்.

புவாங்கரேயின் கதையைச் சொல்கிறவர்கள் வண்டிப் படியைச் சொல்கிறார்கள், பதினைந்து நாளைச் சொல்வதில்லை. அவரோ, முன்னால் கடும் உழைப்பு இல்லாமலும், பின்னால் உட்கார்ந்து சரிபார்க்காமலும் இந்த மறைமுக வேலையால் பயன் இல்லை என்று அதே உரையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 2009 ஆய்வும் அதைத்தான் காட்டியது: முன்கூட்டி நெடுநேரம் முட்டி மோதியவர்களுக்கே இடைவெளியின் பலன் கூடுதலாகக் கிடைத்தது. நடை ஆய்விலும் ஒரு பின்குறிப்பு உண்டு. எண்ணங்கள் பெருகின என்பது உண்மை. ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனையிலோ நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். கதைக்குக் கரு தேடுகிறவருக்கு நடை உதவும். கடைசிப் பத்தியின் ஒரே ஒரு சரியான வாக்கியத்தைத் தேடுகிறவருக்கு உதவுமா என்பது வேறு கேள்வி.

ஆய்வுக்கூடத்தின் அளவும் கவனிக்க வேண்டியது. 2012-ல் பெரிதாகப் பேசப்பட்ட ஓர் ஆய்வில் இடைவெளி என்பது 12 நிமிடம். சோதனையோ, அன்றாடப் பொருள் ஒன்றுக்குப் புதிய பயன்களைப் பட்டியலிடுவது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. செங்கல்லுக்கு எத்தனை பயன் என்று பட்டியலிடும் மனமும், தோட்டம் விற்கப்பட்ட நாளில் லயத்தைவிட்டுப் போகும் ஒரு பாட்டியின் வாயில் என்ன சொல் வரும் என்று தவிக்கும் மனமும் ஒன்றா? ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். ஆகவே ஆய்வுகளை நம்பலாம். ஆனால் அவை எந்த அளவுக்குச் சாட்சி சொல்கின்றனவோ அந்த அளவுக்குத்தான்: குறிப்பிட்ட சிக்கல் ஒன்றில் உழைத்துச் சிக்கிக்கொண்டவருக்குச் சிறிய இடைவெளி உதவும். அதற்கு மேல் அவை எதுவும் சொல்லவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு சாட்சி இருக்கிறது. நம் கூட்டங்களில் அதை யாரும் குறிப்பிட்டுக் கேட்டதில்லை. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், எழுத முடியவில்லை என்று முறையிட்ட 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். அந்த ஆய்வு 1983-ல் வெளியானது. முதல் குழு அவசரம் இருந்தாலொழிய எழுதக் கூடாது, தோன்றும் எண்ணங்களைக் குறித்துக்கொண்டால் போதும். இரண்டாம் குழு மனம் வரும்போது எழுதலாம். மூன்றாம் குழு நாள்தோறும் எழுதியே ஆகவேண்டும். தவறினால், அவர்கள் வெறுக்கும் அமைப்பு ஒன்றுக்கு அவர்கள் முன்பே எழுதிக் கொடுத்த காசோலை போய்விடும். மூன்றாம் குழு அதிகப் பக்கம் எழுதியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அதிகம் வந்தன, ஏறக்குறைய நாளுக்கு ஒன்று. மனம் வரும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளைக்கு ஒன்று. பேனாவையே தொடாமல் ஊற்று நிரம்பட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு ஐந்து நாளைக்கு ஒன்று.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆட்கள் குறைவு. அவர்கள் எழுதியது ஆய்வுக் கட்டுரை, கதையல்ல. கணக்குச் சொன்னவர்களும் அவர்களேதான். ஆனாலும் 'ஒதுங்கியிருந்தால் உள்ளே நிரம்பும்' என்ற நம்பிக்கையை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்ட ஆய்வு இது. பதில் அந்த நம்பிக்கைக்கு எதிராகவே வந்தது.

இனி உள்ளூரிலிருந்தே ஒரு சாட்சி. சுங்கைப்பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடையில் இருக்கிற சுங்கை லாலாங்கைச் சுற்றியும் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள்தாம், ரப்பர். பிறகு செம்பனை வந்தது, தாமான்கள் வந்தன. பால்மரம் வெட்டிய கைகள் இன்னும் அந்த வீடுகளில் இருக்கின்றன. இந்த வழக்கில் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் சாட்சி சொல்லக்கூடியது அந்தப் பால்மரம்தான்.

சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த எச்.என். ரிட்லி 1890களில் கண்டுபிடித்ததுதான் நம் பாட்டன்மார் கற்ற வெட்டுமுறை. புதிது புதிதாகக் காயம் போடாமல், பழைய வெட்டின் ஓரத்திலேயே மெல்லிய சீவல் எடுத்து அதைத் திரும்பத் திரும்பத் திறப்பது. அப்படித் திறக்கத் திறக்கப் பால் கூடுகிறது என்று அவர் கண்டார். நெடுநாள் வெட்டாமல் விட்ட மரத்தில் உளியை வைத்தால் முதல் நாள் பால் பிடிக்கும் மங்கின் அடி நனையும் அளவுக்குத்தான் வடியும். சில வெட்டுகள் கழிந்த பிறகே மரம் தன் ஓட்டத்துக்கு வரும். இது பாய்ஸின் பக்கம்.

அதே மரத்தை நாள் தவறாமல் வெட்டுவதும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது தோட்டங்களில் பரவலான முறை. கூடுதல் பாலுக்கு ஆசைப்பட்டு மருந்து தடவி, ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை வறண்டுபோகும். உளி ஓடும், பால் வராது. ஓய்வு கொடுத்தால் தொடக்க நிலையில் இருக்கும் மரங்கள் சில தேறும். தேறிய மரத்தை மறுபடி பழைய வேகத்தில் வெட்டினால் திரும்பவும் வறளும். இது மூத்தவரின் பக்கம், ஒரு திருத்தத்தோடு. ஓய்வு மட்டும் மருந்தாவதில்லை, வெட்டுமுறையும் மாற வேண்டும்.

ஆக, மரம் 'விடு' என்றும் சொல்கிறது, 'விடாதே' என்றும் சொல்கிறது. எப்போது எது என்பதை மரத்தின் நிலை தீர்மானிக்கிறது. வெட்டாமல் கிடந்ததால் பால் வராத மரமும் உண்டு, வெட்டியே வறண்ட மரமும் உண்டு. மங்கை மட்டும் பார்த்தால் இரண்டிலும் பால் இல்லை, வேறுபாடு தெரியாது. பட்டையைப் பார்க்க வேண்டும். ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். மரத்துக்குப் பயம் கிடையாது, பிறர் என்ன சொல்வார்கள் என்ற கவலையும் கிடையாது. எழுதுகிறவருக்கு உண்டு. அதற்கு மரத்தில் விடை இல்லை.

எழுத்தாளர்களின் வாழ்விலிருந்து எடுத்துக்காட்டு காட்டுவதுதான் வழக்கம். தமிழில் முதலில் வரும் பெயர் சுந்தர ராமசாமி. 1966-ல் 'ஒரு புளியமரத்தின் கதை' நூலாக வந்தது. அதற்குப் பிறகு ஆறேழு ஆண்டுகள் அவர் எழுதவில்லை. 1973-ல் திரும்பி வந்தார். வந்தபோது மொழி வேறாக இருந்தது, கதைசொல்லும் முறை வேறாக இருந்தது. 1981-ல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்து தமிழ் நாவலைப் பற்றிய பேச்சையே மாற்றியது. "பாருங்கள், விட்டார், வேறு வேலையைப் பார்த்தார், வந்தார்" என்பார்கள்.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். அவருக்கு நாகர்கோவிலில் குடும்பத்தின் துணிக்கடை இருந்தது. அந்த வேலை அவர் எழுதிக்கொண்டிருந்தபோதும் இருந்தது, எழுதாத ஆண்டுகளிலும் இருந்தது, மீண்டும் எழுதியபோதும் இருந்தது. மூன்று காலத்திலும் மாறாமல் இருந்த ஒன்றை, நடுவில் நிகழ்ந்த மாற்றத்துக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? மௌனத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கதைகளை அடுத்தடுத்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: பழைய முறையில் எழுத அவரால் முடிந்தது, எழுத விருப்பமில்லாமல் போயிற்று. புதிய முறை கைவரும்வரை காத்திருந்தார். இது என் ஊகம், எழுத்தைப் படித்து வந்த ஊகம். சரியென்றால், அந்த ஆண்டுகள் ஓய்வுக்காலமே அல்ல.

எதிரில் நியூயார்க்கின் ஜோசப் மிட்செலை நிறுத்துகிறேன். நியூயார்க்கர் இதழின் மிகச் சிறந்த கட்டுரையாளர்களில் ஒருவர். 1964-ல் ஜோ கூல்ட் என்ற நாடோடியைப் பற்றிய நீண்ட கட்டுரை வெளியானது. 1996-ல் இறக்கும்வரை அவர் அலுவலகத்துக்கு வந்துகொண்டேயிருந்தார். பெயர் சொல்லும்படியான புதிய எழுத்து எதுவும் அதன்பின் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் முடங்கிக் கிடக்கவும் இல்லை. நகரமெங்கும் நடந்தார். இடிக்கப்படும் கட்டடங்களிலிருந்து செங்கல், கைப்பிடி, ஆணி என்று சேகரித்தார். துறைமுக அருங்காட்சியகம் ஒன்றின் குழுவில் பணியாற்றினார். மனதுக்குப் பிடித்த, மனதை நிறைக்கிற வேறு செயல்தான் அத்தனையும். நகரத்தை நடந்து நடந்து பார்த்த அதே பழக்கம்தான் முன்பு அவருக்குக் கட்டுரைகளைக் கொடுத்தது. அதே நடை, 1964-க்கு முன் எழுத்து தந்தது, பின் தரவில்லை.

இருவரையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது, வேறு செயல் என்பது முடிவைத் தீர்மானிக்கும் காரணமில்லை என்பதுதான். சுந்தர ராமசாமியை மட்டும் காட்டுகிறவர்கள் கணக்கில் ஒரு ஓட்டை விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்தவரின் இடைவெளியைத்தான் நாம் 'இடைவெளி' என்கிறோம். திரும்பாதவருடைய இடைவெளிக்குப் பெயரே இல்லை. அது வெறும் முடிவாகிவிட்டது. கெடாத் தோட்டங்களில் ஒரு கதையோடு நின்றவர்கள் அத்தனை பேரும் வேறு வேலையைத்தான் பார்த்தார்கள். கல்யாணம் செய்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், கோயில் திருப்பணி செய்தார்கள், தொழிற்சங்கத்தில் உழைத்தார்கள். மதிக்கத்தக்க வாழ்க்கை, குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 'வேறு வேலையைப் பார்த்தால் தானாக வரும்' என்பது உண்மையென்றால் இந்த மாநிலம் நாவல்களால் நிறைந்திருக்க வேண்டும்.

கி. ராஜநாராயணனை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அவருக்கு முடக்கம் வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1976-ல் 'கோபல்ல கிராமம்' எழுதியவர், அடுத்து அதே வேகத்தில் நாவல்களாக அடுக்கிக்கொண்டு போகவில்லை. கரிசல் சொற்களைத் திரட்டினார். அகராதி 1982-ல் வந்தது. நாட்டார் கதைகளைச் சேகரித்தார். பிறகு வந்த 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. வெண்டைச் செடியிலிருந்து இது முற்றிலும் வேறு. கையில் இருப்பது எழுத்து இல்லை, ஆனால் எழுத்துக்கு வேண்டிய பொருளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற வேலை. கதை வராத நாளிலும் சொல் வருகிறது. கெடாவில் இதற்கு எவ்வளவு இடம் கிடக்கிறது! பெரட்டுக்களத்து ஏச்சும் கங்காணிப் பேச்சும் ஒட்டுப்பால், மங்கு, நிரை என்று மரத்தைச் சுற்றி வளர்ந்த சொற்களும், அவற்றை வாயில் வைத்திருக்கிறவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. எழுத வராத எழுத்தாளர் ஒருவர் எண்பது வயதுக் கிழவியிடம் போய் உட்கார்ந்து பதிவு செய்தால், அவருக்குக் கதை வராவிட்டாலும் நமக்கு ஒரு நூல் கிடைக்கும். 'வேறு வேலை'யில் நான் முழுமனதாக ஆதரிக்கிற வகை இது ஒன்றுதான்.

இனி, இந்த யோசனை யாரிடம் சொல்லப்படுகிறது என்ற கேள்வி. என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

புவாங்கரேக்குப் பதினைந்து நாள் மேசை கிடைத்தது. சுங்கை லாலாங்கில் வசித்து எழுதப் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அநேகமாக அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். காலையில் வகுப்பு, பிற்பகலில் புறப்பாடம், மாலையில் கல்வி அமைச்சுக்குக் கணினியில் ஏற்ற வேண்டிய விவரம், இரவில் திருத்த வேண்டிய கட்டுரைப் புத்தகங்கள். இல்லையென்றால் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு விடியல் என்பது தூக்கத்தின் தொடக்கம். இவர்கள் பார்ப்பதே வேறு வேலைதான், நாள் முழுக்க. எழுத்து அவர்கள் நாளின் ஓரத்தில், எல்லாரும் தூங்கிய பின் ஒருமணி நேரமோ அரைமணி நேரமோ கிடைக்கிற துண்டில் நடக்கிறது. அவரிடம் போய் 'எழுத்தை விட்டு வேறு வேலையைப் பார்' என்றால், அந்தத் துண்டையும் பிடுங்கிக்கொள்வதாகத்தான் முடியும். முழுநேரமும் எழுதுகிற தேசங்களில் பிறந்த யோசனை இது. அங்கே மேசை மிகுதியாக இருக்கிறது, ஆகவே எழுந்து நடப்பது மருந்து. இங்கே மேசைதான் பஞ்சம். அடைகாக்கச் சொல்லும் முன் முட்டை இட்டாயிற்றா என்று கேட்க வேண்டாமா?

பீடோங்கில் 1940-ல் பிறந்த ரெ. கார்த்திகேசுவின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். வானொலியில் பணி, பிறகு பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 'வானத்து வேலிகள்' 1981, அடுத்த நாவல் 'தேடியிருக்கும் தருணங்கள்' 1993. நாவலுக்கு நாவல் பன்னிரண்டு ஆண்டு. இதற்குப் பிறகு 'அந்திம காலம்' 1998-லும் 'காதலினால் அல்ல' 1999-லும் வந்துவிட்டன. அந்தப் பன்னிரண்டு ஆண்டை முடக்கம் என்று பெயரிட எனக்கு ஆதாரமில்லை. வேலையின் கனம் என்றே நினைக்கத் தோன்றுகிறது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்த சுங்கைப்பட்டாணி கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்', 'கையறு' இரண்டும் பணி ஓய்வுக்குப் பிறகு வந்தவை. நம் எழுத்தாளர்களுக்கு வேறு வேலை குறைந்தபோதுதான் நாவல் பெருகியிருக்கிறது என்றே தோன்றுகிறது. இரண்டு பேரை வைத்து விதி செய்ய முடியாது, தெரியும். ஆனால் இந்த இரண்டும் மூத்தவரின் யோசனை காட்டும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் நிற்கின்றன.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசந்தாலும். எழுத வராதபோது நம் எழுத்தாளர்கள் போய்ச் சேரும் 'வேறு வேலை' பெரும்பாலும் மலையும் தூண்டிலும் அல்ல, இலக்கிய இயக்கம்தான். கூட்டம் ஏற்பாடு, மாலை, பொன்னாடை, வரவேற்புரை, வாட்ஸ்அப் குழுவில் விவாதம், பிறர் நூலுக்கு அணிந்துரை. இயக்கம் இல்லாமல் இங்கே தமிழ் எழுத்து இத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்காது. அந்த உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது கதைக்கு வேண்டிய அதே மொழியை, அதே கவனத்தைத் தின்கிறது, எழுத்தாளராக இருக்கிறோம் என்ற நிறைவையும் எழுதாமலே கொடுத்துவிடுகிறது. மூளையை அதிகம் வாங்காத வேலைதான் உதவுகிறது என்ற ஆய்வு முடிவை இதோடு பொருத்திப் பாருங்கள். துணி துவைப்பது எவ்வளவோ மேல். நிறைவு கிடைத்துவிட்டால் திரும்பி வரத் தூண்டுதல் எங்கிருந்து வரும்?

மாறாக, இங்கே எழுத்தை வரவழைக்கிறது எது என்று பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி 1986 முதல் நடக்கிறது. கடைசித் தேதி நெருங்கும்போது, "எழுத வரவே இல்லை" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கும் வந்துவிடுகிறது. பாய்ஸின் காசோலை நம் ஊரில் போட்டி வடிவில் இருக்கிறது. தேதி வைத்து எழுதியதெல்லாம் நல்ல கதை என்று சொல்லவில்லை. அவசரத்தின் தடம் பல கதைகளில் தெரிகிறது. ஆனால் அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தது ஊற்று வறண்டது அல்ல என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை.

இத்தனையையும் எடைபோட்டு நான் வந்து சேர்ந்த முடிவு இது. 'எழுத வரவில்லை' என்று வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பது. "பதினெட்டாம் பக்கம், அண்ணன் தங்கச்சியிடம் நிலப் பத்திரத்தைக் கொடுக்கிற இடம், அவள் வாங்குவாளா மாட்டாளா தெரியவில்லை" என்று ஒருவர் சொல்லுவாரானால், அவருக்கு மூத்தவரின் யோசனை முழுக்கப் பொருந்தும். அவர் உழைத்திருக்கிறார், சிக்கல் எது என்று தெரிந்திருக்கிறது. போகட்டும், தூண்டில் போடட்டும், செடிக்கு மண் அணைக்கட்டும். மாதக்கணக்கில் வேண்டாம், சில நாள் போதும். திரும்பும் நாளை முன்பே குறித்துக்கொண்டு போகட்டும்.

பக்கம் சொல்லத் தெரியாதவருக்கு, "மனசே வரல" என்பவருக்கு, இந்த யோசனை தீங்கு. அவருக்கு வேண்டியது இடைவெளி அல்ல. தூங்கும் முன் இருபது நிமிடம், கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று எழுதிப் பழகும் இடம், அடுத்த வாரம் 'எங்கே, காட்டுங்க' என்று கேட்க ஒரு நண்பர். துக்கத்திலோ நோயிலோ எழுத்து நின்றவரை இந்த இரண்டுக்கும் வெளியே வைக்கிறேன். அவருக்குக் குடும்பமும் மருத்துவரும் முதலில், கதை பிறகு.

மிச்சமிருப்பது சுந்தர ராமசாமி வகை: எழுத முடிந்தும் பழையபடி எழுதப் பிடிக்காமல் நிற்கிறவர். கெடாவில் அப்படி இன்று யாராவது இருக்கக்கூடும். அவரிடம் மலையேறச் சொல்வதும் வீண், தினம் இருபது நிமிடம் என்பதும் வீண். அவர் தேடுவது தனக்கு இன்னும் கைவராத ஒரு மொழி. அதற்கு அவருக்குப் புத்தகம் வேண்டும், அவர் அளவுக்குப் படித்த ஒருவரோடு நள்ளிரவுவரை பேச்சு வேண்டும். சுங்கை லாலாங்கிலிருந்து அப்படிப்பட்ட பேச்சுக்கு அவர் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதை நம் எழுத்தாளர் இயக்கங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் முதல் இடத்தில் வைக்க வேண்டும், பொன்னாடைக்கு முன்பாக.